ஒன்பதாம் ஸ்தலத்தில் விழுகிற வண்டி

"கழட்டுன்னா கழட்டு! லித்தியமும் வேண்டாம், ஒரு எழவும்..."

"மாமா, நான் சொல்லுதத முழுசா..."

"ஆறு நாளா முழுசாத்தான் கேட்டேன். பழைய பேட்டரி எட்டும் சாமான் ரூம்ல..."

"அந்த எட்டும் செத்துப் போச்சு மாமா. அத வச்சு இந்த மேட்டுல பாதிகூட ஏறாது!"

"அது பாதியாவது ஏறும்லா? இது பாதியில நின்னுல்லா தொலைக்கு!"

"ரெண்டு பேரும் சண்டைய முடிச்சுட்டு," என்று மூன்றாவது குரல் ஒன்று குறுக்கே வந்தது, "யாராவது டயருக்கு ஒரு கல்ல எடுத்து வைங்க. பிரேக்க மிதிச்சு மிதிச்சு என் காலு மரத்துப் போச்சு."

அது பிலோமினா. வண்டி ஓட்டுகிறவள். மணல்மேட்டின் மீதிருக்கும் கோயிலிலிருந்து கீழே இறங்கும் சிமெண்டுச் சரிவில், கடலைப் பார்த்தபடி மூக்கைக் கீழே தாழ்த்தி நின்றது வண்டி. ஒரு காலத்தில் துறைமுகத்தில் விருந்தாளிகளை ஏற்றிச் சுற்றிக் காட்டிய கோல்ஃப் வண்டி. திருவிழாவுக்கு வரும் முடியாதவர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் மேலே கொண்டுபோக ஊருக்கு வந்து சேர்ந்தது. அதன் அடியில் கிடந்த எட்டு ஆசிட் பேட்டரிகளைத் தூக்கிவிட்டு, ஒரே ஒரு லித்தியம் பெட்டியைப் பொருத்தியவள் ஜெர்லின். ஆறுமுகநேரியில் ஷெட் போட்டு பேட்டரி ஆட்டோக்களைப் பழுது பார்ப்பவள். வயது முப்பத்து நான்கு. லித்தியத்துக்கு அவள் மாற்றிய முதல் வண்டி இதுதான்.

அவள் ஒரு கல்லை உருட்டி முன்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள்.

கோயில் கமிட்டித் தலைவர் செபாஸ்டின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடம் கப்பலில் எஞ்சின் ரூமில் இருந்தவர். கோபம் வந்தால் இப்போதும் எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசுவதுபோல்தான் பேசுவார்.

"இந்தா பாருளா. நாளைக்குக் கொடியேத்து. மத்தியான மணி அடிக்கதுக்குள்ள ஓட வையி. இல்லாட்டி நானே ஸ்பேனர எடுத்துக் கழட்டிருவேன். லித்தியம் பேச்சே இந்தக் கரையில இருக்கப்பிடாது."

 கழற்றிவிட்டால் வேம்பாரிலிருந்து மணப்பாடுவரை ஒருவரும் ஜெர்லினிடம் ஒரு டார்ச் லைட்டைக்கூட நம்பித் தர மாட்டார்கள். வண்டிகூட அல்ல, அந்தப் பேச்சுதான் அவள் ஷெட்டை மூடும்.

"என்னெல்லாம் பாத்தே, சொல்லு," என்றாள் பிலோமினா, காலை நீவிக்கொண்டே.

"உப்புக்காத்துல பூத்திருக்கான்னு ஒவ்வொரு முனையாக் கழட்டித் தேய்ச்சேன்க்கா. நட்டெல்லாம் முறுக்கியாச்சு. ஃபியூஸ் சரியா இருக்கு. சாவி, ஆக்சிலேட்டர், எல்லாம் சரியா இருக்கு. பேட்டரிக்குள்ள ஒரு காவல் கார்டு இருக்குக்கா. ஆபத்துன்னு பட்டா அதுவே கரண்ட வெட்டிரும். அதுதான் வெட்டுது. எதப் பாத்து பயப்படுதுன்னுதான் தெரியல."

"பயமா? ஏளா, இது என்ன இடம் தெரியும்லா?"

தெரியும். பக்கத்தில் சுவரில், அடிவாரத்திலிருந்து மேலே பதினான்கு ஸ்தலங்களாக ஏறும் சிலுவைப்பாதையின் ஒன்பதாம் ஸ்தலம். ஆண்டவர் மூன்றாம் முறை குப்புற விழுகிற சுரூபம். தினமும் காலையில் வண்டி வந்து படுப்பது இதே இடத்தில்தான். அதனால் ஊரில் ஏற்கெனவே பேச்சு கிளம்பியிருந்தது. நேற்று யாரோ வண்டியின் முன்கண்ணாடிக்கு மாலைகூடப் போட்டிருந்தார்கள்.

"ஆண்டவரே மூணு தடவதான் விழுந்தாரு," என்றாள் பிலோமினா. "இது ஆறு தடவ விழுந்துட்டு. இதுக்குப் பக்தி கொஞ்சம் ஜாஸ்தி."

செபாஸ்டினுக்குச் சிரிப்பு வரவில்லை. "பக்தியாவது மண்ணாவது. ஆறு பேரோட ஏறையில ஒருநாளும் நிக்கல. காலையில காலியா இறங்கையில நிக்கி, சாயங்காலம் இறங்கையில நிக்கல. ஏறத்தானே பலம் வேணும்? இறங்க என்ன வேணும்? எந்த ஊரு கோளாறுளா இது?"

ஜெர்லின் நிமிர்ந்தாள். "மாமா, இன்னொரு தடவ சொல்லுங்க."

"என்னத்த?"

"ஒண்ணுமில்ல. அக்கா, வண்டிய எழுப்பிக் கீழ வண்டி நிறுத்துத ஷெட்டுக்குக் கொண்டு போவோம். முழுசா சார்ஜ் ஏத்தி, அதே மாதிரி நிக்க வச்சுப் பாக்கணும்."

"ஷெட்டுக்கு எதுக்கு? சார்ஜு மேலதான போடுதோம்."

"மேலயா? எங்கன?"

"குருசடியில. புதுசா மந்திரிச்ச வண்டி பத்து ராத்திரி குருசுக்கு அடியிலதான் தங்கணும்னு அண்ணன் சொன்னாவ. கோயில்லருந்து வயரு இழுத்து, சார்ஜரையும் அங்கனயே கொண்டு வச்சாச்சு."

"அது நம்ம ஊரு வழக்கம்," என்றார் செபாஸ்டின், யாரோ குற்றம் சொன்னதுபோல.

ஜெர்லின் வண்டிக்குள் குனிந்தாள். சாவியை அணைத்து, கொஞ்சம் பொறுத்துத் திருகினாள். வண்டி உயிர் பெற்றது. மேலே போய் குருசடியில் சார்ஜரைக் குத்தினார்கள். அரை மணி நேரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. ஜெர்லின் சீட்டைத் தூக்கி, பேட்டரியிலிருந்து போகும் தடித்த வயரை ஒரு மீட்டரின் கொக்கியால் கவ்வினாள். வயரை வெட்டாமலே உள்ளே எவ்வளவு ஓடுகிறது என்று காட்டுகிற மீட்டர்.

"முதல்ல கொஞ்சம் மேல பாத்து ஓட்டுங்கக்கா."

வண்டி கொடிமரத்துப் பக்கம் பத்தடி ஏறியது. மீட்டரில் எழுபது ஆம்பியர்.

"இப்ப திருப்பி இறக்குங்க. ஆக்சிலேட்டர்லருந்து கால எடுத்துருங்க. வண்டி போக்குல போகட்டும்."

பதினான்காம் ஸ்தலம் போனது. பதின்மூன்று. சரிவு கூடக்கூட மோட்டார் முனகிக்கொண்டு வண்டியை இழுத்துப் பிடித்தது. பன்னிரண்டு. பதினொன்று. மீட்டரில் எண் மறுபடி ஏறியது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்னக் கோடு.

"மைனஸ் முப்பது," என்றாள் ஜெர்லின்.

"மீட்டரத் தலைகீழா மாட்டியிருக்கே," என்றார் பின்சீட்டிலிருந்து செபாஸ்டின்.

"ஏறையில சரியாத்தான அண்ணே காட்டிச்சு?" என்றாள் பிலோமினா. "அதுக்கப்புறம் அவ கையே வைக்கலையே."

"மைனஸ் நாப்பது."

டக்.

வண்டி செத்தது. பிலோமினா பிரேக்கை மிதித்தாள். பக்கத்தில் ஒன்பதாம் ஸ்தலம்.

"ஏழு," என்றாள் பிலோமினா.

ஜெர்லின் சிரித்தாள். வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செபாஸ்டினுக்குப் பயமாகிவிட்டது. "ஏளா, என்ன ஆச்சு உனக்கு?"

"மாமா, கப்பல்ல வின்ச்சு இருந்துச்சுல்லா? சுமையத் தூக்கையில மோட்டார் கரண்டக் குடிக்கும். சுமைய இறக்கையில?"

அவர் குனிந்து மீட்டரைப் பார்த்தார். 

"சொல்லுங்க மாமா. இருபது வருசம் பாத்தது."

"திருப்பி அனுப்பும்," என்றார் மெதுவாக. "சுமை மோட்டாரச் சுத்தும். மோட்டாரு கரண்டு போடும்."

"இறங்க என்ன வேணும்னு கேட்டீங்கள்லா? இறங்க ஒண்ணும் வேண்டாம். இறங்கையில வருது. அது போறதுக்கு இடம் வேணும். ராத்திரி பூரா குருசடியில நின்னு, ஒரு சொட்டுக்கு இடமில்லாம நிறைஞ்ச பேட்டரி, காலையில முதல் வேலையா இறங்குது. மேல ஊத்துனா காவல் கார்டு கதவச் சாத்தாம என்ன செய்யும்? சாயங்காலம் ரெண்டு நடை ஏறினப்புறம் வயித்துல இடம் இருக்கு. அதான் அப்ப நிக்கல."

"பழைய பேட்டரிக்கு இந்த நோவு இல்லியே?"

"பழசு எவ்வளவு ஊத்தினாலும் குடிச்சு ஆவியா விட்டுரும். இது வயிறு நிறைஞ்சா வாயப் பொத்திக்கிடும்."

"அப்ப நான் குருசடியில நிறுத்துனதுதான் தப்புங்கியா?"

"தப்பு என்னோடது மாமா. சோத்துத் தட்டு கணக்கா சமமா இருக்க ரோட்டுல ஓட்டிப் பாத்துட்டு, சரியாயிருக்குன்னு சொல்லிட்டேன். உங்க மேட்டுல வந்து ஓட்டிப் பாத்திருக்கணும். வண்டி குருசடியிலயே நிக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

மேலே போனதும் ஜெர்லின் சார்ஜரின் மூடியைக் கழற்றினாள். உள்ளே கடுகளவு திருகு ஒன்று. மீட்டரைப் பார்த்துக்கொண்டே அதைத் திருப்பி, பேட்டரியில் கொஞ்சம் இடம் மிஞ்சும்படி, ஐம்பத்தெட்டு வோல்ட்டில் நின்ற எல்லையை ஐம்பத்தைந்துக்கு இறக்கினாள். பிறகு லேப்டாப்பை வண்டியின் கன்ட்ரோலரில் மாட்டி, இறக்கத்தில் மோட்டார் பிடிக்கிற பிடியைப் பாதியாகக் குறைத்தாள்.

"அக்கா, இனி இறங்கையில வண்டி உங்கள முன்ன மாதிரி இழுத்துப் பிடிக்காது. பிரேக்க நம்பணும்."

"பிரேக்க டைட் பண்ணிக் குடு. கால நான் பாத்துக்கிடுதேன்."

பிரேக் கம்பியை முறுக்கி, ஆட்களை விட்டு வண்டியைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. கொடிமரத்தைச் சுற்றி நாலு நடை ஓட்டிப் பேட்டரியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, மறுபடி சார்ஜரைக் குத்தினார்கள். சார்ஜர் தானாக நின்று பச்சை விளக்கு எரிந்தபோது மணி பதினொன்றரை.

அதற்குள் பூசைக்கு வந்தவர்கள் கூடிவிட்டார்கள். இறங்கத் தயாராக நான்கு பெண்கள் ஏறி உட்கார்ந்தார்கள். செபாஸ்டின் யாரையும் கேட்காமல் முன்சீட்டில் ஏறினார். ஜெர்லின் பின்னால் தொற்றிக்கொண்டு மீட்டரைப் பிடித்தாள்.

பதினான்கு. பதின்மூன்று. மைனஸ் பத்து. பன்னிரண்டு. ஒரு பெண் 'அருள் நிறைந்த மரியே' சொல்லத் தொடங்கினாள். மற்ற மூவரும் சேர்ந்துகொண்டார்கள். பதினொன்று. மைனஸ் பதினெட்டு. பத்து. செபாஸ்டின் முன்கம்பியை இறுக்கிப் பிடித்தார்.

ஒன்பதாம் ஸ்தலம் வந்தது.

போயிற்று.

"போயிட்டுளா!" என்று கத்தினாள் பிலோமினா. "தாண்டிட்டு! எட்டு! ஏழு! ஏ ஜெர்லினு, ஆறு வந்துட்டு!"

மேட்டின் மேலே நின்றவர்கள் கைதட்டியது அடிவாரம்வரை கேட்டது. வண்டி கடைசி வளைவில் திரும்பி, மணலில் மெத்தென்று இறங்கி நின்றது. நின்றது பிலோமினாவின் காலால்தான். முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

செபாஸ்டின் இறங்கினார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிலோமினாவிடம் கையை ஆட்டி, "இறங்கு," என்றார்.

"எதுக்கண்ணே?"

"இறங்குன்னா இறங்கு."

அவள் இறங்கினாள். அவர் ஸ்டீயரிங்கின் முன்னால் ஏறி உட்கார்ந்தார். மேலே போகக் காத்திருந்த கிழவிகளைப் பார்த்து, "ஏறுங்க, ஏறுங்க. என்ன பாக்கிய? லித்தியம் வண்டி, ஏறுங்க," என்று அதட்டினார். வண்டி நிறைந்ததும் சத்தமில்லாமல் சரிவில் ஏறத் தொடங்கினார்.

ஜெர்லின் டூல்ஸ் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

"மாமா! கழட்டவா வேண்டாமான்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க!"