கேட்காத கேள்வி

வக்கீலுக்கு நல்ல பேர், அதாவது திருடர்கள் மத்தியில். சுவரேறிக் குதிக்கும் திருடர்கள் அவர் வாசலை மிதிக்க முடியாது. கோட்டு போட்டு, ஏசி அறையில் உட்கார்ந்து, ஒரு கையெழுத்தில் ஊரையே ஏப்பம் விடுகிறவர்கள்தான் அவருடைய கட்சிக்காரர்கள். அவர்களில் ஒருவர்கூட இதுவரை உள்ளே போனதில்லை என்பதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

ரகசியம் ஒன்றுமில்லை, ஒத்திகைதான். கட்சிக்காரரை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து, எதிர்த்தரப்பு கேட்கக்கூடிய அத்தனையையும் கேட்டு வறுத்தெடுப்பது. கேட்பவர் அவர் மனைவி, கணக்கு டீச்சர். வயிற்றுவலி என்று புளுகும் பிள்ளைகளை வருஷக்கணக்கில் பார்த்தவர். அவரிடம் தேறியவர் எந்தக் கோர்ட்டிலும் தேறிவிடலாம்.

இந்த முறை வந்தவர் ஒரு நிதி நிறுவன முதலாளி. வாயைத் திறந்தால் உளறல். முதல் நாள் டீச்சர் போட்ட போட்டில் மனிதர் அழுதேவிட்டார். பணத்தைக் கடத்தியதாகக் குற்றப்பத்திரிகையில் இருந்தது இரண்டு கம்பெனிகள். மச்சான் பெயரில் மூன்றாவதாக ஒன்று இருந்தது போலீசுக்கும் தெரியாது, அரசு வக்கீலுக்கும் தெரியாது.

"ஏங்க, யாருக்கும் தெரியாததுக்கு எதுக்குப் பதில் சொல்லிக்குடுக்கணும்?" என்றார் டீச்சர்.

எதற்கும் இருக்கட்டும் என்றார் வக்கீல். பதிலைத் தயார் செய்து, மூச்சு விடும் இடம் உட்பட மனப்பாடம் செய்ய வைத்தார்கள். மற்றதிலெல்லாம் தடுமாறிய முதலாளி அதில் மட்டும் அசத்தினார். டீச்சரே சபாஷ் போட்டார். சின்ன வயதில் யாரிடமும் சபாஷ் வாங்காதவர் போலிருக்கிறது, மனிதருக்கு முகமெல்லாம் பல்.

விசாரணை அன்று சாட்சிக் கூண்டில் ஏறிய முதலாளி, தன் வக்கீல் கேட்டதற்கெல்லாம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பதில் சொன்னார். அடுத்து அரசு வக்கீலின் முறை. அவர் காகிதங்களைப் புரட்டினார், கண்ணாடியைத் துடைத்தார். கையில் சரக்கில்லை. கேள்வி எதுவும் இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

வக்கீல் மனசுக்குள் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். இறங்கலாம் என்றார் நீதிபதி. முதலாளி இறங்கவில்லை. விழுந்து விழுந்து படித்தவனுக்கு வினாத்தாளைக் காட்டாமலே பரீட்சை முடிந்தது என்றால் எப்படி இருக்கும்? அப்படி நின்றார்.

"ஐயா, மச்சான் கம்பெனியப் பத்திக் கேக்கவே இல்லையே?"

வக்கீல் துள்ளி எழுந்தார். ஆட்சேபம் என்று சொல்ல வாயெடுத்தார். எதை ஆட்சேபிப்பது? பேசியது அவருடைய சொந்தச் சாட்சி. அரசு வக்கீல் சாவகாசமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரே ஒரு கேள்விக்கு நீதிபதியிடம் அனுமதி வாங்கினார்.

"எந்தக் கம்பெனி? சொல்லுங்க."

முதலாளி சொன்னார். நிமிர்ந்து நின்று, நீதிபதியைப் பார்த்து, மூச்சு விட வேண்டிய இடத்தில் விட்டு, அந்தக் கம்பெனிக்குப் போன பணத்துக்கும் தமக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று முடித்தார். நீதிபதி வேகவேகமாக எழுதினார். பின்வரிசையில் இருந்த போலீஸ் அதிகாரி போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்றாவி என்னவென்றால், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கூண்டிலிருந்து இறங்கி வந்த முதலாளி அவர் காதோரம் குனிந்தார்.

"டீச்சர்கிட்ட சொல்லுங்க சார், ஒரு வார்த்தைகூட விடல."