தாடை ஆடிய வாக்கியங்கள்

1

இந்தக் கதை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து திருடியது. மூளை அலைகளைப் பதிவுசெய்யும் ஆய்வுக்கூடத்தில் அவள் டெக்னீஷியன். அவள் வேலையைப் பற்றிப் புலம்புவாள். நான் தலையாட்டிக்கொண்டே மனசுக்குள் குறிப்பெடுப்பேன். எழுத்தாளனைத் தம்பியாகப் பெற்றவர்கள் சாப்பிட மட்டும் வாயைத் திறப்பது நல்லது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மனித மூளை ஒரு மாபெரும்

விட்டுவிட்டேன். மாபெரும் எதுவும் எனக்கு எழுத வராது. அடுத்தது: 'ஜப்பானிய மொழியில் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் கா, ஓ, நி என்று குட்டிக் குட்டி இடைச்சொற்கள் வரும். யார் தின்றது, எதைத் தின்றது என்பதை அவைதான் சொல்லும். நம் ஊர் ஐ, கு மாதிரி.' இது பாடப்புத்தகம் போல இருக்கிறது. பின்னால் உங்களுக்குத் தேவைப்படும் என்பதால் இருந்துவிட்டுப் போகட்டும்.

2

கதைக்கு நாயகன் வேண்டுமே. அத்தான் இருக்கிறார், அக்காவின் கணவர். ஜப்பானிய இயந்திரக் கையேடுகளுக்கு இருபது வருடம் புரூஃப் பார்த்தவர். ஓர் இடைச்சொல் மாறினால் எண்ணெய் போக வேண்டிய இடத்தில் தண்ணீர் போய்விடும் என்பார். போன வருடம் பக்கவாதம் வந்தது. கையும் காலும் திரும்பிவிட்டன. பேச்சில் பெயரும் வினையும் மட்டும் திரும்பின; அவற்றைக் கட்டிவைக்கும் சில்லறைச் சாமான்கள் இரண்டு மொழியிலும் திரும்பவில்லை. "நான்... ஆபீஸ்... நாளை" என்பார். போகிறாரா, போக வேண்டுமா, போக முடியாதா என்பதை நாம்தான் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

கம்பெனி மோசமில்லை. பேச வேண்டாம், பிழை கண்ணில் பட்டால் போதும், படுகிறது என்று ஆய்வுக்கூடம் எழுதிக் கொடுத்தால் நாற்காலி அவருக்குத்தான் என்றார்கள். அதை நம்பி அத்தான் தினமும் காலையில் சட்டையை அயர்ன் செய்கிறார். (இந்த வரி சோகமாகிவிட்டது, மன்னிக்கவும். ஆனால் உண்மையாகவே செய்கிறார்.)

அக்காவின் மேலதிகாரி, இனி அலைக்காரர், ஆராய்வதே இந்த இடைச்சொற்களைத்தான். சொந்தக்காரரைச் சொந்தக்காரர் சோதிக்கக் கூடாது என்று விதி உண்டு. அத்தான் வேறு யாரையும் தலையைத் தொட விடவில்லை. விதி கண்ணை மூடிக்கொண்டது. அக்கா அத்தானின் தலையால் தொப்பியை மாட்டினாள். தொப்பியின் ஒவ்வொரு துளையிலும் பசை, அதற்குள் மின்முனை. திரையில் ஜப்பானிய வாக்கியம் ஒவ்வொரு சொல்லாக வரும். பாதி வாக்கியங்களில் இடைச்சொல் வேண்டுமென்றே தப்பு. தப்பைக் கண்டால் அரை நொடிக்குச் சற்றுப் பின்னால் மூளையில் ஓர் அலை எழும்ப வேண்டும்.

இமைக்கக் கூடாது, மெல்லக் கூடாது.* அவர் அசைந்த நேரத்து வாக்கியங்களைக் குப்பைக்கு அனுப்புவது அக்காவின் வேலை.

* தசையின் மின்சாரம் மூளையின் மின்சாரத்தை அமுக்கிவிடும். எங்கள் குடும்பத்தில் பலருக்கும் இதுதான் நிலைமை.

3

அலை எழும்பவில்லை. குப்பை போக மிச்சமிருந்த வாக்கியங்களில் ஒன்றிலும் இல்லை.

வீட்டுக்கு வந்து அக்கா அவர் தலைமுடியிலிருந்து பசையைக் கழுவினாள். அவர், "வேலை?" என்று கேட்டார். "கண்ண மூடிக்கோங்க, ஷாம்பு போயிடும்" என்றாள். மூன்று முறை கேட்டார். மூன்று முறை ஷாம்பு போட்டாள்.

இங்கே ஒரு பத்தி வருணனை எழுதி அடித்துவிட்டேன். ஜன்னல், மழை, ஓடும் குழாய்நீர் என்று வழக்கமான கும்பல்.

4

அவரைச் சிரிக்கவைக்கலாம் என்று இந்தக் கதையின் முதல் வரைவைப் படித்துக் காட்டினேன். அதில் மேதாவித்தனமாக ஒரு ஜப்பானிய வாக்கியம் வைத்திருந்தேன். பூனை மீனைத் தின்றது என்று நினைப்பு. 'நெகோ ஓ சகானா ஓ தபேதா.' இரண்டுக்கும் ஓ போட்டுவிட்டேன். அதாவது பூனையையும் தின்றாயிற்று, மீனையும் தின்றாயிற்று, தின்ன ஆளில்லை.

அத்தான், "ச்ச்" என்றார்.

அக்கா அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கரண்டியோடு வந்து நின்றாள். "இப்ப என்ன சத்தம் போட்டீங்க?"

"தப்பு" என்றார்.

அவரிடமே சரியான வடிவத்தை எழுதி வாங்கலாம் என்று பார்த்தோம், எழுத வரவில்லை. அவருடைய பழைய கையேட்டிலிருந்து ஒரு வாக்கியத்தைப் படித்தேன், பேசாமல் இருந்தார். அதையே ஓர் இடைச்சொல்லை மாற்றிப் படித்தேன். ச்ச். இருபது வருடப் பழக்கம். பிழையைக் கண்டால் சிவப்புப் பேனாவுக்கு முன் நாக்கு போகும்.

மறுநாள் அக்கா முதல் ஆளாக ஆய்வுக்கூடத்துக்குப் போய்க் குப்பையைக் கிளறினாள். சரியான அறுபது வாக்கியங்களில் தாடை அசைந்ததென்று தள்ளியவை நான்கு. தப்பான அறுபதில் ஐம்பத்தொன்று. சோதனையின்போது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு ச்ச் கேட்கவில்லை, திரையில் கோடு துள்ளியது மட்டும் தெரிந்திருக்கிறது.

"அவர் அம்பத்தோரு தடவ சொல்லியிருக்கார்டா. நானே என் கையால தூக்கிப் போட்டிருக்கேன்" என்று போனில் அழுதாள். நான் குறிப்பெடுக்கவில்லை. (எடுத்தேன்.)

5

அலைக்காரரை வில்லனாக்க முயன்றேன். மீசை வைத்தேன், இருமல் வைத்தேன், ஒட்டவில்லை. நல்ல மனிதர். அக்கா அந்த எண்களை எழுதி நீட்டிய தாளை இரண்டு முறை படித்தார்.

"இது மூளை இல்லம்மா, தாடை."

"தாடை தானா ஆடுமா சார்?"

தாளை மூன்றாவது முறையும் படித்தார். ஆனால் அலை இல்லாமல் எழுதிக் கொடுக்க முறை இல்லை. அறிக்கையின் கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டு, திங்கட்கிழமை வரைக்கும் யோசிக்கிறேன் என்றார்.

முடிவு ஒன்று: அவர் மனம் மாறினார், அத்தான் வேலைக்குப் போனார், எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். அத்தானுக்குப் படித்தேன். 'ஆனந்தக் கண்ணீர்' வந்ததும் ச்ச்.

முடிவு இரண்டு: வேலை இல்லாவிட்டால் என்ன, வாழ்க்கை அழகானது என்று அத்தான் உணர்ந்தார். இதற்கு நாக்கு போதாமல் என் முழங்காலில் ஓர் அடியும் விழுந்தது.

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் பகுதியில் ஒரு வாக்கியத்தை வேண்டுமென்றே தப்பாக விட்டிருக்கிறேன். அக்கா கவனிக்காமல் தாண்டிப் போனாள். அத்தான் சிவப்பில் வட்டம் போட்டார். அந்தத் தொப்பி இருக்கும் வரிக்குப் போய்ப் பாருங்கள். முதலில் படித்தபோது உங்கள் நாக்கு கொஞ்சம் அசைந்ததா? புருவமாவது? அசைந்திருந்தால், அது உங்கள் தாடையா, நீங்களா?

அறிக்கையின் அந்தக் காலிக் கட்டத்தில் இப்படி அச்சிட்டிருக்கிறது: பிழையை உணர்கிறார்: ஆம் / இல்லை. பேனா உங்கள் கையில். சீக்கிரம் போடுங்கள், அத்தான் சட்டையை அயர்ன் செய்து முடித்துவிட்டார்.