கணக்கு சார் வரைந்த படம்

ஐந்தாம் வகுப்புக்கு வாரத்தில் ஒரே ஒரு டிராயிங் பீரியட். வெள்ளிக்கிழமை, கடைசி மணி. அந்த ஒன்றையும் கணக்கு சார் விழுங்கிக்கொண்டிருந்தார். சார்ட் சுருளும் பென்சில் டப்பாவுமாக நான் வகுப்பு வாசலுக்குப் போவேன். உள்ளே கரும்பலகை முழுக்கப் பின்னங்கள் எழுதியிருப்பார்.

“பரீட்சை வருதில்ல டீச்சர்? இன்னைக்கு ஒரு நாள் மட்டும். படம்தானே, புள்ளைங்க வீட்டுலகூட வரைஞ்சுக்கும்.”

முதல் தடவை சரி என்றேன். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற ஆள் என்று அப்போது தெரியாது. பிறகு கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து மற்றவர்களின் சார்ட்டுகளுக்குத் தலைப்பு எழுதிக்கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் வயிறு எரிந்தது.

எச்.எம். மேடத்திடம் முறையிட்டேன். “வகுப்பே நடக்கலைன்னா, அடுத்த வருஷம் டிராயிங்குக்குத் தனியா ஒரு டீச்சர் எதுக்குன்னு மேல கேப்பாங்களே?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். திருடனை விட்டுவிட்டுப் பறிகொடுத்தவளை விசாரிக்கிற நியாயம். என் வேலையே அந்த ஒரு மணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு முடிவு செய்தேன். அந்த மனுஷனைத் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை.

மதிய இடைவேளையில் பிள்ளைகளை வராந்தாவில் உட்கார வைத்தேன். ஆளுக்கொரு சதுர அட்டை. நடுவில் ஓட்டை போட்டுப் பென்சிலைச் சொருகிவிட்டால், வரைகிற கை கண்ணுக்குத் தெரியாது.

“தாளைப் பாக்கக் கூடாது. பொருளை மட்டும் பாருங்க. அதோட ஓரத்துல எறும்பு ஊர்ற மாதிரி உங்க கண்ணு மெதுவா ஊரணும். கண்ணு நின்னா பென்சிலும் நிக்கணும். மனசுல இருக்கறத வரையாதீங்க, கண்ணுக்குத் தெரியறத வரைங்க.”

அவரவர் இடது கையைத்தான் முதலில் வரையச் சொன்னேன். வந்ததெல்லாம் நண்டு. “டீச்சர், எனக்கு ஏழு விரல்!” என்று கத்தினாள் ஒருத்தி. வகுப்பில் அவளுக்கு வாயாடி என்று பெயர். நாள் போகப் போகக் கோடுகள் நிதானப்பட்டன. நகம் வந்தது, விரல் மடிப்பின் சுருக்கம் வந்தது. ஒரு பையன் தன் கட்டைவிரல் தழும்பைக்கூட விடவில்லை. அத்தனை நாள் சோறு இறங்காமல் இருந்த எனக்கு அன்று நன்றாகப் பசித்தது.

இடைவேளை போதவில்லை. “கணக்கு நோட்டுக்கு அடியில ஒரு தாள் வெச்சுக்குங்க. கணக்க முடிச்சவங்க எதிர்ல என்ன இருக்கோ அதை வரைங்க” என்றேன். எதிரில் இருந்தது அவர்தான். என் மணியைப் பிடுங்கிக்கொண்டு நிற்கிறவர், என் பிள்ளைகளுக்கு மாடலாக நிற்கட்டும். சுண்டுவிரல் பக்கம் கிழிந்த செருப்பு, மைக்கறை படிந்த சட்டைப்பை, முதுகுக்குப் பின்னால் ஸ்கேலைப் பிடித்த கை என்று தாள்கள் சேர்ந்துகொண்டே போயின.

பெற்றோர் கூட்டத்தன்று அவ்வளவையும் வகுப்புச் சுவரில் ஒட்டினேன். “செருப்பு அப்படியே இருக்கே!” என்று அம்மாக்கள் கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தார்கள். எச்.எம். மேடமும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கணக்கு சார் முன்னால் வந்து நின்றார்.

“எல்லாம் என் கிளாஸ்ல வரைஞ்சது மேடம். கணக்கு முடிஞ்சதும் புள்ளைங்கள சும்மா உக்கார விடமாட்டேன். கொஞ்சம் கொஞ்சமா நானே சொல்லிக்குடுத்தேன்.”

தன் செருப்பையே சுவரில் பார்த்துக்கொண்டு வாய் கூசாமல் சொன்னார்.

“அப்படியா? அப்ப அந்த பீரியட சாரே பாத்துக்கலாம்போல” என்றார் மேடம், என் பக்கம் திரும்பாமலே.

பிள்ளைகள் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரம் எப்போதும் நிறைய. அன்றைக்கு மட்டும் புத்தியும் கூடவே வந்திருந்தது.

“சார் எவ்வளவு அருமையா சொல்லிக்குடுத்திருக்கார்!” என்றேன், தேன் ஒழுக. “பேரண்ட்ஸ் எல்லாம் வந்திருக்காங்க. சார் போர்டுல ஒண்ணு வரைஞ்சு காட்டட்டுமே!”

ஒரு அப்பா கை தட்டினார். கணக்கு சார் கடிகாரத்தைப் பார்த்தார். “சும்மா ஒண்ணு சார்” என்றார் மேடம். வேறு வழியில்லாமல் சாக்பீஸை எடுத்தார்.

இரண்டு முக்கோணம் போட்டார். நடுவில் பாதிச் சூரியன். கீழே வளைந்து வளைந்து ஓர் ஆறு. மேலே டிக் அடித்த மாதிரி மூன்று பறவைகள். கணக்கு சார் அல்லவா, கதிர்களுக்கு நடுவே இடைவெளி மட்டும் சரிசமமாக இருந்தது.

வாயாடி கையைத் தூக்கினாள்.

“சார், இது எந்த மலை?”

“மலைன்னா மலைதான். இப்படித்தான் இருக்கும்.”

“நீங்க எங்க நின்னு பாத்தீங்க சார்? பாக்காம வரையக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க.”

முதலில் சிரித்தது கை தட்டிய அப்பாதான். பிறகு வகுப்பே குலுங்கியது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். “வெள்ளிக்கிழமை கடைசி பீரியட இனிமே யாரும் தொடக் கூடாது” என்றார்.

கணக்கு சாரின் காதுமடல் சிவந்திருந்தது. ஏழு வயதில் வரையக் கற்றதோடு அவர் கை நின்றுபோயிருக்கிறது. அவரிடமிருந்தும் எந்தக் கணக்கு சாரோ அந்த மணியைப் பிடுங்கியிருக்க வேண்டும். அதை நினைத்ததும் எனக்கு இரக்கம் வந்தது. வந்த இரக்கத்தை வாசலிலேயே நிறுத்தினேன்.

படத்தை அழிக்க அவர் டஸ்டரைத் தேடினார். நான் முந்திக்கொண்டு எடுத்தேன்.

“இருக்கட்டும் சார். அடுத்து வர்றவங்களும் பாக்கட்டும்” என்று சொல்லி, டஸ்டரை என் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன்.