ஏலக்காய் வாசனை

முதல் டின் வந்தபோது சுகப்பிரியாவுக்கு அது பிடிக்கவே இல்லை. கணவன் மதன்குமார் ஜப்பானில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்தான். லீவுக்கு ஊர் வந்த கூட்டாளியிடம் கொடுத்தனுப்பியிருந்தான். உள்ளங்கையில் அடங்குகிற கறுப்பு டின். திறந்தால் கோலப்பொடியைவிட நைசாக, கிளிப்பச்சையில் ஒரு தூள். மாச்சா என்று பெயர். அவள் வழக்கமாக டீ போடுவது போலக் கொதிக்கிற தண்ணீரில் தூளையும் சீனியையும் போட்டுக் கலக்கினாள். வாயெல்லாம் கசந்தது.

மாமியார் முருகலட்சுமி ஒரு வாய் குடித்துவிட்டு, "மருதாணியக் கரைச்சுக் குடிச்ச மாதிரி இருக்கு தாயி" என்று டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

அன்று சாயங்காலம் போனில் சொன்னபோது மதன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"கொதிக்கிற தண்ணிய ஊத்துனா கசக்கத்தான் செய்யும். நல்லாக் கொதிக்க விட்டு ரெண்டு டம்ளர்ல மாத்தி மாத்தி ஆத்து. விரலு தாங்குற சூடு வரட்டும். சீனி போடாத. தூள மொதல்ல சலிச்சுக்க, இல்லன்னா கட்டி கட்டியா நிக்கும்."

சுகப்பிரியா அருப்புக்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சர். விரல் தாங்குகிற சூடு என்ற கணக்கெல்லாம் அவளுக்குச் சரிப்படாது. புதிதாக ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, எண்பதுக்கும் எழுபதுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தாள். வீட்டு போர் தண்ணீரில் உப்பு தூக்கலாக இருந்ததால், வாரத்துக்கு ஒருமுறை குழாயில் வரும் நல்ல தண்ணீரில் கலந்தாள். டின்னோடு வந்த மூங்கில் துடைப்பம் போன்ற சின்ன மத்தை வட்டமாகச் சுற்றாமல் முன்னும் பின்னுமாக வேகமாக அடித்தாள். பத்தாவது நாள், மேலே மெல்லிய பச்சை நுரை கட்டியது.

குடிப்பதற்கு முன்னால் இனிப்பு ஏதாவது ஒரு கடி கடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தான் மதன். கருப்பட்டி மிட்டாய் ஒரு துண்டு வாயில் போட்டு, அது முழுக்கக் கரைந்தபின் ஒரு மிடறு குடித்தாள். முதலில் முருங்கைக்கீரை வெந்த தண்ணீரின் வாசனை. அடுத்து, பருப்பு வேகும்போது மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரில் இருக்குமே, அந்த நிறைவான ருசி. தொண்டையில் இறங்கும்போது லேசாக ஒரு கசப்பு. அவ்வளவுதான் என்று டம்ளரைக் கீழே வைத்த பிறகு, நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்ததுபோல நாக்கின் அடியிலிருந்து ஓர் இனிப்பு எழுந்து வந்தது.

"வந்துச்சுங்க! இனிப்பு வந்துச்சு!" என்று போனில் கத்தினாள்.

"பறிக்கிறதுக்கு மூணு வாரம் முன்னாடியே செடிக்கு மேல பந்தல் போட்டு வெயில மறைச்சிருவாக. அதான் அந்த இனிப்பு."

"அப்ப நம்மூர்ல வெளைய வாய்ப்பே இல்ல" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

கல்யாணமான ஒரு வருடத்தில் அவன் ஜப்பான் போனவன். மாமனார் பொன்ராஜ் பந்தல்குடி ரோட்டில் பெயிண்ட் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு ஐந்தரை மணிக்கு வீட்டுக்கு வந்ததும் பச்சை டீயை அடித்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவாள். அங்கே அவனுக்கு ஒன்பது மணி. பேசிக்கொண்டே குடிப்பாள். அவளுக்குப் புருசனோடு ஒன்றாக உட்கார்ந்து டீ குடிப்பது என்றால் அதுதான்.

போன ஆடி மாதத்திலிருந்து வீடியோவில் வருவது நின்றுபோயிற்று. தங்குகிற இடத்தில் நெட் சரியாக இல்லை, வெறுமனே பேசலாம் என்றான். அவளும் சரி என்று விட்டாள். அதற்கு முன்பே வந்திருந்த இரண்டாவது டின் ஐப்பசியோடு தீர்ந்தது. "டீ தீந்துருச்சுங்க" என்று மூன்று நான்கு முறை சொன்னாள். பொங்கல் முடிந்து மூன்றாவது டின் கூரியரில் வந்தது. சென்னை வந்த கூட்டாளி அனுப்பியது என்றான். இந்த முறை பச்சை டின். மேலே ஜப்பான் எழுத்து.

தூள் மஞ்சள் பாரித்த பச்சையாக இருந்தது. நுரை கட்டவே இல்லை. வைக்கோல் வாசனை வந்தது. கசப்பு மட்டும் நாக்கிலேயே நின்றது. எவ்வளவு நேரம் காத்திருந்தும் இனிப்பு எழவில்லை.

முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டாள். கேன் தண்ணீரில் கலந்து பார்த்தாள். சூட்டைக் குறைத்துப் பார்த்தாள். தூளைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தாள். சளி பிடித்து நாக்கு மரத்துவிட்டதோ என்று இரண்டு வாரம் குடிக்காமலும் இருந்தாள். மதனிடம் மட்டும் சொல்லவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து வாங்கி அனுப்பியதைக் குறை சொல்ல மனசு வரவில்லை.

மாசியில் ஒரு சனிக்கிழமை, கூட வேலை பார்க்கும் சுமதி டீச்சரோடு சேலை எடுக்க மதுரைக்குப் போனாள். அங்கே ஒரு காபிக் கடைப் பட்டியலில் மாச்சா என்ற பெயரைப் பார்த்ததும் ஆசையாகக் கேட்டு வாங்கினாள். பாலும் சீனியும் மீறி அதே வைக்கோல் வாசனை அடித்தது. நிமிர்ந்து பார்த்தாள். கடைக்காரருக்குப் பின்னால், அலமாரியில் அதே பச்சை டின் வரிசையாக நான்கு இருந்தன.

"அண்ணே, அது எங்க வாங்குறீங்க?"

"ஆன்லைன்லதான். ரெண்டு நாள்ல வந்துரும். ஆனா பால்ல கலக்குறதுக்குத்தான் ஆகும்க்கா, தண்ணில தனியாக் குடிக்க முடியாது."

பஸ்ஸில் திரும்பும்போது காரியாபட்டி வரைக்கும் அவனுக்காக அவளே காரணம் சொல்லிக்கொண்டு வந்தாள். வேலை அதிகமாக இருந்திருக்கும். கடைக்குப் போக நேரமிருந்திருக்காது. தான் நச்சரித்ததால் ஆன்லைனில் ஒன்று போட்டிருப்பான். இதில் என்ன இருக்கிறது?

ஆனாலும் திங்கட்கிழமை அவன் கூப்பிட்டு, "டின்னப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே?" என்று கேட்டபோது அவள் ஒன்று செய்தாள். செய்முறை வகுப்பில் சோதனையைச் செய்யாமலேயே அளவை எழுதிக்கொண்டு வரும் பிள்ளைகளிடம், நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லித்தான் அவள் கேட்பாள். செய்யாத பிள்ளை 'ஆமா மிஸ்' என்று தலையாட்டும்.

"நல்லாருக்குங்க" என்றாள். "லேசா ஏலக்காய் வாசன வருதே, அது எப்படி?"

"ஆமா. இந்த வருசத்து இலை அப்படி. கடைல கலக்கிக் குடுத்தாக. குடிக்கும்போதே எனக்கும் ஏலக்காய் வாசன வந்துச்சு."

"நல்லா வந்துச்சா?"

"நல்லா வந்துச்சு. ஒனக்குப் புடிக்கும்னுதான் வாங்குனேன்."

சுகப்பிரியா டம்ளரை மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தாள்.

"ஏலக்காயெல்லாம் ஒண்ணும் வரலீங்க. நாஞ் சும்மா சொன்னேன்."

ஆடியிலிருந்து அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நீங்க எங்க இருக்கீக?"

"பிரியா..."

"எங்க இருக்கீகன்னு கேட்டேன்."

"ஓசூர்ல" என்றான்.

கம்பெனியில் ஆளைக் குறைத்து ஆடியிலேயே அனுப்பிவிட்டார்கள். ஓசூரில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் ஏழு மாதமாக வேலை பார்க்கிறான். வேறு நல்ல வேலை கிடைத்ததும் சொல்லலாம் என்று இருந்தானாம். அவன் சொல்லி முடிக்கும் முன்பே போனை வைத்துவிட்டுக் கீழே வந்தாள்.

முருகலட்சுமி கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்த, அவுக ஓசூர்ல இருக்காகளாம்" என்றாள் சுகப்பிரியா.

மாமியார் அதிர்ச்சியடையவில்லை. ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியை அணைத்தாள். சேலை முந்தானையைச் சரிசெய்தாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"அவந்தான் தாயி, சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்."

"மாமாவுக்கு?"

"தெரியும்."

அப்போதுதான் அவளுக்கு ஆவணி மாதம் ஞாபகம் வந்தது. சென்னையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று மாமனாரும் மாமியாரும் கிளம்பினார்கள். லீவு கிடைக்காததால் அவள் போகவில்லை. கல்யாண வீட்டுக்கென்று இரண்டு டப்பா நிறைய முறுக்கு சுட்டுக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டு வரை போய் ஏற்றிவிட்டு வந்தாள்.

"அந்தக் கல்யாணம்?" என்றாள்.

முருகலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். "ஓசூருக்குத்தான் போனோம். ஒன் முறுக்கத்தான் ஒரு வாரம் வச்சுத் தின்னான். எளச்சுப் போயிருந்தான் தாயி."

வேலை போனதற்காக அவள் அழவில்லை. இத்தனை மாதம் இந்தச் சமையலறையில், இந்தக் கூடத்தில், தன்னைச் சுற்றி மூன்று பேர் ஒரே பொய்யை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அவள் மாடியில் உட்கார்ந்து, "அங்க குளிரா? கம்பளி போத்திக்கங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி வரும்போது மாமியார் அவளுக்குத் தோசை ஊற்றியிருக்கிறாள். அதை நினைத்துத்தான் அழுதாள்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. மதியம் மதன் வந்து சேர்ந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. அறைக் கதவைச் சாத்திவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"தெனமும் அந்த டீயப் பத்தி அம்புட்டு சந்தோசமாப் பேசுவ. அப்ப எப்படிச் சொல்றது, சொல்லு?"

"அப்ப எஞ் சந்தோசந்தான் தப்பா?"

"அப்படிச் சொல்லல. ஒங்க அப்பா காதுக்குப் போனா என்ன நெனப்பாரோன்னு..."

"ஒங்க அம்மாகிட்டச் சொல்ல முடிஞ்சிச்சுல்ல? மாமாகிட்டச் சொல்ல முடிஞ்சிச்சுல்ல? நான் மட்டும் இந்த வீட்ல யாரு?"

அவள் நான்கு சேலைகளைப் பையில் வைத்துக்கொண்டு திருச்சுழிக்குப் பஸ் ஏறினாள். மாமனார் கடையை விட்டு ஓடிவந்து, "அம்மா, தப்பு எங்க மேலதான்" என்று பஸ் ஜன்னலோரம் நின்று சொன்னார். அவர் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

அப்பா வீட்டிலிருந்தே மூன்று வாரம் பள்ளிக்கூடம் போய்வந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் மதன் வந்தான். இரண்டு முறை அவள் வெளியே வரவில்லை. மூன்றாம் முறை வந்து, "எங்க அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க. ஒண்ணு விடாமச் சொல்லுங்க" என்றாள். அவன் அவள் அப்பா எதிரில் நின்று ஆடி மாதத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான். முறுக்கு வரை சொன்னான். அவர் கேட்டு முடித்து, "வேல போறது எல்லாருக்கும் நடக்குறதுதான் மாப்ள. மத்தது எதுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அவள் திரும்பிப் போனாள். மதனுக்கு மதுரைக்கு வெளியே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய்வருகிறான். முருகலட்சுமி மருமகளிடம் எதையும் இரண்டு தரம் விளக்கிச் சொல்லத் தொடங்கியிருக்கிறாள். கோயிலுக்குப் போனால் எந்தக் கோயில், யாரோடு என்பதுகூட.

நேற்று ஆறு மணிக்கு மதன் போன் செய்தான். "பஸ்ஸு லேட்டு. இப்பத்தான் கல்குறிச்சி தாண்டுது."

"இருக்குற எடத்தப் போன்ல அனுப்புங்க" என்றாள்.

அவன் எதுவும் கேட்காமல் அனுப்பினான். வரைபடத்தில் நீலப்புள்ளி மெயின் ரோட்டில்தான் நகர்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. இனி இப்படிக் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். இன்று ஆறு மணிக்கு அவன் கூப்பிட்டபோது மறுபடியும் கேட்டாள்.