அத்தை என்கிற அளவுகோல்

மாமியாரை நான் வெட்டியது வேண்டுமென்று அல்ல. அதுவும் ஒரு தடவை இல்லை. மாமனார் எடுத்த ஒரு படம் விடாமல் வெட்டினேன்.

ஆவணக் காப்பகத்தில் எனக்கு ஒப்பந்த வேலை. பழைய படங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்ற வேண்டும். மாமனார் பொதுப்பணித் துறையில் புகைப்படக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலம், அணை, நீதிமன்றம், கல்குவாரி என்று சுற்றுவட்டாரத்தில் நிமிர்ந்து நின்ற எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. அந்தப் பெட்டிகள் என் மேசைக்கு வந்ததும், வீட்டோடு மாப்பிள்ளையாகச் சாப்பிடுகிற சோற்றுக்குக் கைமாறு செய்ய ஒரு வாய்ப்பு என்று கூடுதல் சிரத்தை எடுத்துக்கொண்டேன். எல்லாப் படத்திலும் இடது ஓரத்தில், சுவரை ஒட்டி, மடக்கிய குடையோடு ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். யாரோ பாவம், பஸ்ஸுக்கு நிற்கிறாள் என்று நினைத்தேன். ஒரே பெண் எப்படி எல்லா ஊரிலும் பஸ்ஸுக்கு நிற்பாள் என்று யோசிக்கிற மூளை இருந்தால் நான் ஏன் இன்னும் ஒப்பந்தத்தில் இருக்கிறேன்? ஓரத்தை நறுக்கினேன். கட்டிடங்கள் பளிச்சென்று நின்றன.

அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. அளவு எங்க?”

“என்ன அளவு மாமா?”

“இங்க நின்னாங்களே, உங்க அத்தை.”

என் மனைவி எட்டிப் பார்த்தாள். “எங்கம்மாவைக் கத்தரிக்கத்தான் இத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்தீங்களா?” என்றாள்.

விஷயம் இதுதான். கட்டிடத்தின் உயரம் தெரிய, பக்கத்தில் அளவு குறித்த கம்பம் ஒன்றை நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். கம்பத்தை மாமாவின் ஸ்கூட்டரில் ஏற்ற முடியாது. அத்தையை ஏற்றலாம். அத்தை ஐந்தடி மூன்று அங்குலம். கட்டிடம் எத்தனை அத்தை என்று பார்த்துப் பெருக்கினால் உயரம் வந்துவிடும். அப்படிக் கண்டுபிடித்துத்தான் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் மாமா உயரம் எழுதியிருந்தார். பாதி வட்டாரம் என் அத்தையால் அளக்கப்பட்டது.

மறுபடி உட்கார்ந்து எல்லாவற்றையும் அத்தையோடு ஸ்கேன் செய்தேன். அதோடு முடிந்தது என்று மூச்சு விட்டபோதுதான் பொறியாளர் வந்தார்.

சந்தையின் மணிக்கூண்டு போன மழையில் சரிந்து விழுந்திருந்தது. அதைப் பழையபடியே கட்ட அவர் கையில் இருந்த ஒரே ஆதாரம் மாமாவின் படம். மனுஷர் உஷார். முதலில் இன்னும் நின்றுகொண்டிருக்கிற தண்ணீர்த் தொட்டியை டேப் பிடித்து அளந்து பார்த்தார். மாமா எழுதியது அறுபத்தாறு அடி. டேப் சொன்னது அறுபது.

“ஸ்கேன்ல படத்தை இழுத்துட்டீங்களா?” என்றார் என்னிடம்.

காப்பகத்தில் நான் எடுத்திருந்த பெயர் அப்படி. நானே ஒரு கணம் இழுத்திருப்பேனோ என்று நம்பிவிட்டேன். ஆனால் மூலப் படத்திலும் அதே கணக்குதான் வந்தது.

“அப்போ எடுத்தவர் தப்பு. காரணம் தெரிஞ்சா கணக்கைத் திருத்திக்கலாம். தெரியலைன்னா எதை நம்பி கட்டறது? திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்க, இல்லாட்டி நானே ஒரு டிசைன் போட்டுக்கறேன்.” எங்கள் மேலதிகாரி அதற்கு மேல் ஒரு படி போனார். மாமாவின் பெட்டிகள் அத்தனையிலும் ‘அளவுகள் நம்பத்தக்கவை அல்ல’ என்று ஒட்டிவிடலாம் என்றார்.

மாமாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துபோனார்.

எனக்கு அரிப்பு பிடித்துக்கொண்டது. டேப்பை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனேன். காவலர், “கேஸா?” என்றார். “சுவரை அளக்கணும்” என்றேன். “எத்தனையோ பேர் வந்து முட்டிக்கிட்ட சுவர். நீங்களும் பாருங்க,” என்று உள்ளே விட்டார். அங்கேயும் பத்தில் ஒரு பங்கு சொச்சம் அதிகம். பாலத்தூணும் அப்படியே, தானியக் கிடங்கும் அப்படியே. தப்பு இவ்வளவு ஒழுக்கமாக நடந்து நான் பார்த்ததில்லை. என் தப்புகள் ஒன்றுக்கொன்று முகம்கூடப் பார்த்துக்கொள்ளாது.

எல்லாப் படத்துக்கும் பொதுவானது இரண்டுதான். ஒன்று கேமரா. இன்னொன்று அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது.

மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன். “உங்கம்மா என்ன உயரம்?”

“அவங்க வயசையே இந்த வீட்டுல யாரும் கேட்டதில்ல. நீங்க உயரத்துக்குப் போறீங்க.”

தந்திரம் செய்து பார்த்தேன். ஃபிரிட்ஜின் மேல் சர்க்கரை டப்பாவை வைத்துவிட்டு, “அத்தை, அதைக் கொஞ்சம் எடுங்களேன்” என்றேன். பக்கத்தில் போய் நின்றால் கண்ணாலேயே அளந்துவிடலாம் என்று திட்டம்.

“நீங்கதானே வச்சீங்க, நீங்களே எடுங்க.”

“சும்மா ஒரு விஷயத்துக்குத்தான் அத்தை, நீங்க எவ்வளவு உயரம்?”

“எனக்கு என்ன, உங்க மாமனார் தோளுக்கு வருவேன்.”

மாமா ஆறடிக்கு மேல். அந்த உயரத்திலிருந்து பார்க்கிறவருக்குக் கீழே எல்லாரும் ஒரே உயரம்தான். தவிரவும் வெளியே போனால் அவர் அத்தை பக்கத்தில் நின்றதே கிடையாது. எப்போதும் கேமராவுக்குப் பின்னால்.

“இப்போ டேப் வச்சுப் பாத்துடலாமா?”

“வயசானா எல்லாரும் குறுகுவாங்க மாப்பிள்ளை. நீங்க வாங்கினது துணி அளக்கிற டேப்பா, ஆள் அளக்கிறதா?”

ஞாயிறு மாலை. மாமா கூடத்து மேசையில் ஒரு வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காப்பகத்துக்கு எழுதுகிறாராம்.

“என்ன எழுதப் போறீங்க மாமா?”

“கணக்குல நான்தான் கோட்டை விட்டிருக்கேன்னு. லென்ஸோ, என் கண்ணோ, ஏதோ ஒண்ணு. இத்தனை வருஷம் தப்புத்தப்பா எழுதியிருக்கேன். அவங்க ஒட்டறதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டா மரியாதையா இருக்கும்.” பேனா மூடியைத் திறந்தார். திறப்பதற்கு வெகு நேரம் எடுத்துக்கொண்டது போலிருந்தது எனக்கு.

அடுக்களை வாசலில் அத்தை வந்து நின்றார். கையில் ஈரத்துணி.

இனிமேல் சுற்றி வளைப்பதில் பிரயோஜனமில்லை. “அத்தை,” என்றேன், “அந்தப் படத்துல எல்லாம் நீங்க எவ்வளவு உயரம்?”

“அதான் அஞ்சடி மூணுன்னு சொல்லியிருக்கேனே,” என்றார் மாமா தலைநிமிராமல். “கல்யாணத்துக்கு முன்னாடியே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.”

“நீங்க கொஞ்சம் எழுதாம இருங்க,” என்றார் அத்தை அவரிடம். பேனா நின்றது. “பையன் ரொம்ப உசரம், பொண்ணு அஞ்சடிக்கு மேல இருந்தாத்தான் சரிப்படும்னு உங்க வீட்டுல சொல்லிட்டாங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருந்துச்சு. அப்புறம் நீங்க நான் சொன்னதை வச்சே எல்லாப் படத்துக்குப் பின்னாலயும் உயரம் எழுத ஆரம்பிச்சுட்டீங்க. பாலமெல்லாம் கட்டி முடிச்சதுக்கப்புறம் நான் எப்படிச் சொல்றது?”

மாமா அவரை அடியிலிருந்து நுனிவரை மெதுவாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இன்னும் அளக்காத ஒரு கட்டிடத்தின் முன்னால் வந்து நிற்கிறவர் மாதிரி இருந்தார்.

அத்தை துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“நாலடி ஒம்போது, மாப்பிள்ளை. செருப்போட சேத்து.”