மேற்குச் சுவர் நகர்ந்த வீடு

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: வீட்டுக்கு உரியவரான பழமலைநாதன், அவருடைய தங்கை சொர்ணாம்பாள், மருமகள் பூர்ணிமா, சுகாதார நர்ஸ் அன்பரசி, நகராட்சிக் குழாய் ஆள் பக்கிரி, பேத்தியின் கல்யாண முகூர்த்தம் குறிக்கப் பெண்ணாடத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா செந்தமிழன். வேறு யாரும் இல்லை. மேற்குச் சுவர் ஒரு சாண் உள்ளே நகர்ந்து சொர்ணாம்பாளின் கட்டிலில் இடித்து நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். பூர்ணிமா சுவரோரம் இருந்த காபி டம்ளர்களை எடுத்துத் தள்ளி வைத்தாள். மற்றவர்கள் எழுந்திருக்கவில்லை. செந்தமிழனைத் தவிர யாருக்கும் அது புதிதில்லை.

சுவர் நகரத் தொடங்கியது ஆடியில். சொர்ணாம்பாள் இளவயதில் கணவனை இழந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவர். இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட, பூர்ணிமாவிடம் சொன்னார். பூர்ணிமா மாமனாரிடம் சொன்னாள். பழமலைநாதன் செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் சூளையை நெடுங்காலம் நடத்தியவர். தேய்த்த வேட்டியின் மடிப்பு கலையாமல் உட்காருவார். அவர் குடும்பத்தை விருத்தாசலத்தில் யாரும் தாழ்வாகப் பேசியது கிடையாது. பேத்திக்குத் தையில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்த நேரம். பரம்பரை நோய் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் நிச்சயத் தட்டு திரும்பி வந்துவிடும். கல்யாணம் முடியட்டும், பிறகு வைத்தியம் பார்க்கலாம் என்றார். அதுவரை அக்கம்பக்கத்துக் கண்ணில் படாதிருக்க ஜன்னல்கள் சாத்தப்பட்டன.

சாத்திய வாரத்திலேயே காற்று கனத்துப்போனது. அடுப்பு நீலமாக எரியாமல் மங்கிச் சிவந்து எரிந்தது. காய்ச்சிய பால் டம்ளரில் ஊற்றுவதற்குள் புளித்தது. காலண்டர் மாட்ட அடித்த ஆணி வளைந்தது. சுவரை விரல் முட்டியால் தட்டினால் கணீரென்றது. சூளை நடத்தியவருக்கு அந்தச் சத்தம் தெரியும், நன்றாக வெந்த பீங்கான் அப்படித்தான் பேசும். முதலில் பழமலைநாதனுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சுவர் இறுக இறுகக் கட்டியும் இறுகியது. புளியங்கொட்டை கொட்டைப்பாக்காகி, எலுமிச்சையானது.

பிறகு தெரு அந்த வீட்டை நோக்கி வளர்ந்தது. அடுத்த தெருவோடு போய்க்கொண்டிருந்த தண்ணீர்க் குழாய் யாரும் தோண்டாமலே திரும்பி வந்து கொல்லையில் தலை நீட்டியது. எங்கோ போக வேண்டிய சந்துகள் வளைந்து வந்து வாசலில் முடிந்தன. மற்ற வீடுகளில் தண்ணீர் நூலாக வந்தது. கேட்க வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லாததால் இலை போட்டார்கள். சாப்பிட்டவர்கள் வந்த காரியத்தை மறந்தார்கள். குழாயை அடைக்க வந்த பக்கிரி ஸ்பேனரை மூலையில் வைத்துவிட்டுத் தேங்காய் துருவ உட்கார்ந்தார். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு மார்புப் பரிசோதனை செய்கிற அன்பரசி முதல் தடவை காபி குடித்தாள், அடுத்த தடவை முருங்கைக்கீரை ஆய்ந்தாள், ஐப்பசி வாக்கில் வாசலில் யார் விசாரித்தாலும் அவளே எழுந்து போய், "இங்க யாருக்கும் ஒண்ணுமில்லீங்க, போயிட்டு வாங்க" என்று அனுப்பினாள். அவளுடைய மருந்துப் பை அரிசிப் பானைக்கு மூடியாக இருந்தது.

கார்த்திகையில் வேப்பூரில் ஒரு காதுகுத்து. பூர்ணிமாவின் அம்மா திரௌபதி அங்கே நெடுஞ்சாலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று பழமலைநாதனே தங்கையை அனுப்பினார். சொர்ணாம்பாள் விஷயத்தைத் திரௌபதியிடம் காதோடு சொன்னார். திரௌபதி கல்லாவில் இருந்தபடியே அடுப்படிக்குக் கத்தினாள்: "எங்க சம்பந்தியம்மாவுக்கு மாருல கட்டிடா. சட்னில காரத்தக் கொறைச்சுப் போடு." கதவே இல்லாத கடை. மறுநாள் மங்களூர் லாரிக்காரன் ஒருவன் சொர்ணாம்பாளிடம் சாம்பார் கேட்கிற குரலில், "என்னாக்கா, உங்க கட்டி தூங்குதா, முழிச்சிருக்குதா?" என்றான்.

"தூங்குதுப்பா. நீ ஹாரன் அடிச்சு எழுப்பிடாத," என்றார் சொர்ணாம்பாள்.

அங்கே பால் புளிக்கவில்லை. கட்டி இளகி, மறுபடி புளியங்கொட்டையாகி, அசையாமல் கிடந்தது. விருத்தாசலம் திரும்பிய சில நாளில் எலுமிச்சையைத் தாண்டியது.

"கட்டி அதே கட்டிதான் மாமா. வூடுதான் வேற," என்றாள் பூர்ணிமா.

"தை வரட்டும்," என்றார் பழமலைநாதன்.

தைக்கு முன்னால் சுவர் கட்டிலுக்கு வந்துவிட்டது. செந்தமிழன் பஞ்சாங்கத்தை மூடிவிட்டு, "ஏங்க ஐயா, வூட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார். அன்பரசி வழக்கமான பதிலுக்கு வாயெடுத்தாள். சொர்ணாம்பாள் சுவருக்கு இடம் விட்டுக் கால்களை மடக்கி, முழங்காலை மார்போடு சேர்த்து உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அண்ணனிடம் எதையும் கேட்டவரில்லை.

"அண்ணே, இதுக்கு மேல மடக்க எடமில்ல," என்றார்.

பழமலைநாதன் முதுகை நிமிர்த்திக்கொண்டார். "என் தங்கச்சிக்கு மாருல கட்டி இருக்குது. ஆடியிலேருந்து தெரியும். மறைச்சது நான்."

சுவரின் பளபளப்பு போனது. கூடத்தில் பச்சைக் களிமண் வாசனை வந்தது. அன்பரசி கீரையைக் கீழே வைத்து, கை கழுவி, அரிசிப் பானை மேலிருந்து பையை எடுத்துக்கொண்டு வந்து, எந்தப் பக்கம் என்று சொர்ணாம்பாளைக் கேட்டாள். பக்கிரி தன் கையிலிருந்த தேங்காய் மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஸ்பேனரைத் தேடிக்கொண்டு கொல்லைக்குப் போனார். செந்தமிழன் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தட்டு திரும்பி வந்தது. பேத்தி இப்போது சென்னையில் வேலையில் இருக்கிறாள்.

புதுச்சேரியில் அறுவை சிகிச்சை நடந்தது. பரிசோதனை முடிவுகளைப் பார்த்த டாக்டரம்மா, "கட்டிய மட்டும் பாத்தா போதாதும்மா. அதச் சுத்தி என்ன இருக்குதோ, அதப் பொறுத்துதான் அது நடந்துக்கும்," என்றார். தெரியும் என்றார் சொர்ணாம்பாள். ஆடியிலிருந்து மார்கழிக்குள் அதில் ஒரு விதை முதுகெலும்புக்குப் போயிருந்தது. அதை எடுக்க முடியாது, மாத்திரையில் தூங்க வைக்கலாம் என்றார்கள். சொர்ணாம்பாள் வீட்டுக்கு வந்தார். ஜன்னல்கள் திறந்திருந்தன. ஆனாலும் சுவர் காய்ந்து, வந்த இடத்திலேயே நின்றிருந்தது. அன்று பால் புளித்தது, முதுகில் வலி எடுத்தது. மறுநாள் காலை பூர்ணிமா அவரை வேப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

சனிக்கிழமைகளில் பழமலைநாதன் வேப்பூர் போகிறார். வெளியிடத்தில் கை நனைக்காதவர், லாரிக்காரர்களுக்கு நடுவே பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, தங்கை வைக்கிற இலையில் சாப்பிடுகிறார். "தூங்குதா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்கிறார். "தூங்குது அண்ணே," என்கிறார் சொர்ணாம்பாள். சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்து, குறுகிய கூடத்தில் நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டு உட்காருகிறார்.

அண்ணனிடம் கோபித்துக்கொண்டு சொர்ணாம்பாள் வேப்பூரிலேயே தங்கிவிட்டார் என்று விருத்தாசலத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. கோபம் எதுவும் இல்லை. அவர் அந்த வீட்டில் படுத்தால் அது விழித்துக்கொள்கிறது.