மூன்றாம் மாடிக்கு வந்த ட்ரெட்மில்

கணவர் ஹசிந்தோ காலையில் நடக்கப் போய்விட்டால் ஒத்திலியாவுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. பப்பாளியைப் பாதி நறுக்கிவிட்டு ஜன்னலுக்கு வருவாள். தெருமுனையில் தமால் என்ற சோளக் கொழுக்கட்டை விற்கும் வண்டியின் அண்டாவிலிருந்து ஆவி போய்க்கொண்டிருக்கும். சீருடைப் பிள்ளைகள் அம்மாக்களின் கையில் இழுபடுவார்கள். பூங்காப் பக்கமிருந்து யார் யாரோ வருவார்கள், அவர் மட்டும் வரமாட்டார். பப்பாளிக்குத் திரும்பி இரண்டு துண்டு போட்டுவிட்டு மறுபடி ஜன்னலுக்கு வருவாள். இந்த லட்சணத்தில்தான் அவர்கள் வீட்டில் தினமும் காலை உணவு தயாரானது.

எல்லாம் பிப்ரவரியில் வந்த வினை. மெட்ரோ நிலையப் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட ஹசிந்தோவை, சூயிங்கம் விற்கும் ஒரு பெண்தான் மடியில் சாய்த்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அட்டையால் விசிறினாளாம். அந்த நேரத்தில் ஒத்திலியா வீட்டில் சமையலுக்குக் கள்ளித்தண்டின் முள்ளைச் சீவிக்கொண்டு, நன்றாக வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். மத்தியானம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவர் அங்கே கிடக்க, நான் இங்கே பாடிக்கொண்டிருந்தேனே என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசும்.

அதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்றும் உண்டு. அன்று காலையில் அவர் முகம் வெளிறியிருப்பதைப் பார்த்து, உடம்புக்கு என்ன என்று கேட்கத்தான் செய்தாள். "ஒண்ணுமில்ல கண்ணு, ஜோரா இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இடது கை விடியற்காலையிலிருந்தே வலித்துக்கொண்டிருந்ததை அப்புறம் டாக்டரிடம்தான் சொன்னார். ஒத்திலியா கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் மெக்சிகோ நகரத்தில் ஒருவர் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்வதும் கன்னத்தில் அறைவதும் ஒன்றுதான். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால், கண்டிப்பாக வருகிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்வோம். போகமாட்டோம். கூப்பிட்டவரும் அதைப் புரிந்துகொண்டு நாற்காலியைக் குறைத்துப் போடுவார். யாராவது முகவரி கேட்டால், 'உங்க வீடு இன்ன தெருவில் இருக்கிறது' என்று நம் வீட்டையே அவருக்கு எழுதிவைத்த மாதிரி சொல்வோம். அவரும் வந்து கதவைத் தட்டமாட்டார். இப்படித்தான் இத்தனை கோடிப் பேர் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறாமல் காலம் தள்ளுகிறோம். அதிலும் ஹசிந்தோ தபால் ஆபீஸ் கவுண்டரில் ஆயுசு முழுக்க உட்கார்ந்திருந்தவர். தொலைந்துபோன பார்சலைக்கூட 'வந்துகிட்டே இருக்கு அம்மா' என்று சொல்லியே பழகிய வாய்.

டாக்டர் தினமும் நடக்கச் சொல்லிவிட்டார். நடக்காவிட்டால் பயம், நடக்கப் போனால் அதைவிடப் பயம். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஒத்திலியா இளைத்தே போனாள். அப்போதுதான் அவளுக்கு ட்ரெட்மில் யோசனை வந்தது. வீட்டுக்குள்ளேயே, அவள் கண் எதிரிலேயே நடக்கட்டும். விழுந்தால் பிடிக்க அவள் இருப்பாள்.

"ஏம்ப்பா, நடக்கற மிஷின் ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா என்ன?" என்று ஒருநாள் காபி ஊற்றும்போது கேட்டாள்.

"ரொம்ப நல்ல யோசனை" என்றார் ஹசிந்தோ. "பாக்கலாம்."

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்த 'பாக்கலாம்' என்னவென்று தெரியாதா? தெரியும். ஆனால் வேண்டியது காதில் விழுந்தால் போதும் என்று இருந்தாள்.

கீழ்வீட்டு நியேவெஸ் அக்காவிடம் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வாங்குடி, வாங்கு. எங்க மச்சான்கூட ஒண்ணு வாங்கினாரு. இப்போ அதுல அவரோட சட்டையும் பேன்ட்டும்தான் நடக்குது. துணி காயப்போட அதைவிட நல்ல இடம் கெடையாது."

"அக்கா, இவருக்கு டாக்டரே சொல்லியிருக்காரு."

"டாக்டரு நடக்கத்தானடி சொன்னாரு? உன் மூஞ்சிக்கு முன்னாடி நடக்கச் சொன்னாரா?"

ஒத்திலியா முகத்தைத் திருப்பிக்கொண்டு மாடியேறிவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி கூடவே ஏறி வந்தது. அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. வாங்கலாம் என்று நினைத்தால், மிஷினின் பட்டை வேகமாக ஓடி அவரைத் தூக்கியடித்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றும். வேண்டாம் என்று நினைத்தால் மெட்ரோ படிக்கட்டு கண்ணுக்குள் வந்து நிற்கும். சாப்பாட்டு மேஜைக்கும் சுவருக்கும் இடையில் இருக்கும் இடத்தைத் துடைப்பத்தால் அளந்து பார்த்தாள். இடம் போதும் என்று தெரிந்ததும் ஏனோ பயம் கூடத்தான் செய்தது.

போர்த்தாலெஸ் சந்தையில் பழைய சாமான்கள் விற்கும் வரிசையில் எவரார்தோ என்பவரின் கடை இருந்தது. வடக்கே மொந்தெர்ரேயிலிருந்து புதிதாக வந்தவர். அந்த ஊர்க்காரர்கள் பேச்சில் மேல்பூச்செல்லாம் கிடையாது, போட்டு உடைத்துவிடுவார்கள். ஒத்திலியா அங்கே நின்ற ஒரு ட்ரெட்மில்லைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் உடனே நிற்குமா என்று மூன்று விதமாகக் கேட்டாள்.

"நிக்கும்மா. நிக்கலன்னா அதுக்கு எதுக்கு பட்டன்? உங்களுக்கு வேணுமா, வேணாமா?"

இப்படி யாராவது கேட்பார்களா? அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வேண்டுமா என்பது அவளுக்கே தெரியவில்லை. தெரியாது என்று சொன்னால் இவ்வளவு நேரம் பதில் சொன்ன மனிதர் என்ன நினைப்பார்?

"வேணும், வேணும். ரொம்ப அழகா இருக்கு" என்றாள். "வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டு..."

"வீடு எங்க?"

"உங்க வீடு இங்கதான், பூங்காவுக்குப் பின்னாடி தெருவுல, பச்சை கேட்டு, மூணாவது மாடி. எப்ப வேணா வாங்க. வந்து எங்களோட ஒரு வாய் சாப்பிடணும்."

"சரி, வர்றேன்" என்றார் எவரார்தோ.

அழகாக வேண்டாம் என்று சொல்லிவிட்ட நிம்மதியில் ஒத்திலியா ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

வியாழக்கிழமை காலை, ஹசிந்தோ நடக்கப் போக ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது படிக்கட்டில் பெரிய இரைச்சல் கேட்டது. யாரோ மூச்சு வாங்கினார்கள், யாரோ திட்டினார்கள், இரும்பு எதிலோ போய் இடித்தது. ஒத்திலியா கதவைத் திறந்தாள். எவரார்தோவும் இன்னொரு ஆளும் ட்ரெட்மில்லைச் சுமந்துகொண்டு வாசலில் நின்றார்கள். இருவர் சட்டையும் தெப்பலாக நனைந்திருந்தது. அவர்களுக்குப் பின்னால், படி வளைவில், நியேவெஸ் அக்கா வேடிக்கை பார்க்க வசதியாகக் கைப்பிடியில் சாய்ந்திருந்தாள்.

"சொன்னீங்களே, வந்துட்டோம்" என்றார் எவரார்தோ. "எங்க வைக்கணும்?"

ஒத்திலியா கதவைப் பிடித்தபடியே நின்றாள். திரும்பி ஹசிந்தோவைப் பார்த்தாள். அவர் ஒரு காலில் ஷூவோடு எழுந்து நின்று, தபால் ஆபீஸ் சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க" என்றார். "உங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க. ஒத்தி, காபி வை."

சுமந்து வந்தவர்களை வாசலோடு அனுப்ப முடியுமா? மேஜை நகர்ந்தது. ட்ரெட்மில் சுவரைப் பார்க்க உட்கார்ந்தது. காபி வந்தது, பன் வந்தது, நேற்றைய பீன்ஸ் சூடாகி வந்தது. பிளக்கைச் சொருகினார்கள். பட்டை உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. எல்லோரும் ஹசிந்தோவைப் பார்த்தார்கள்.

அவர் இன்னொரு ஷூவையும் மாட்டிக்கொண்டு ஏறினார்.

அவருக்கு முன்னால் சுவர் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அதில் ஆணியடித்த பழைய ஓட்டை ஒன்று, வேறொன்றுமில்லை. அவர் அதைப் பார்த்தபடி நடந்தார். ஒத்திலியா பக்கத்தில் நின்றுகொண்டு அவருடைய காதைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், கம்பியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். நகத்தின் நிறம் சரியாக இருக்கிறதா? வாயால் மூச்சு விடுகிறாரா?

"எப்படிப்பா இருக்கு?"

"பிரமாதம்."

"நெஞ்சு?"

"ஜோரா இருக்கு."

"கால் வலிக்குதா? நிறுத்தச் சொல்லவா? வேகத்தைக் கொறைக்கவா? தண்ணி வேணுமா?"

"எல்லாம் நல்லா இருக்கு கண்ணு."

"அப்ப எடுத்துக்கறீங்களா ஐயா?" என்று பன்னை மென்றுகொண்டே கேட்டார் எவரார்தோ.

"அருமையான மிஷின்" என்றார் ஹசிந்தோ. "பாக்கலாம்."

"பாக்கலாம்னா? அதான் பாத்துட்டீங்களே. நாங்களும்தான் முதுகொடிய மூணு மாடி ஏத்தி, காட்டிட்டோமே. புடிச்சிருக்கா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த ஊர்ல யாருக்கும் அந்த ஒரு வார்த்தை வாயில வரவே மாட்டேங்குது."

ஒத்திலியாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஹசிந்தோ இன்னும் சில அடிகள் நடந்தார். பிறகு சிவப்புப் பொத்தானை அமுக்கினார். பட்டை நின்றது. கம்பியை விடாமலேயே, சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"இல்ல. எனக்கு வேணாம்."

படி வளைவில் நியேவெஸ் அக்கா மூச்சை உள்ளே இழுத்தது வீட்டுக்குள் கேட்டது.

"இத சந்தையிலயே சொல்லியிருந்தா எங்க முதுகாவது தப்பிச்சிருக்கும்" என்றார் எவரார்தோ. ஆனால் கோபமாகச் சொல்லவில்லை. ஒருவிதமாக நிம்மதி அடைந்தவர் போலத்தான் இருந்தார். காபியைக் குடித்து முடித்தார், கையைத் துடைத்துக்கொண்டார், கூட வந்தவருக்குக் கண் காட்டினார். ஒத்திலியா மன்னிப்புக் கேட்டுக் கேட்டு, மீதமிருந்த பன்களையெல்லாம் ஒரு பையில் போட்டு எவரார்தோவின் தோளில் மாட்டிவிட்டாள். ட்ரெட்மில் வந்த வழியே இடித்துக்கொண்டு இறங்கியது. நியேவெஸ் அக்காவும் சுவர் பெயர்கிறது என்று கத்திக்கொண்டே அதோடு இறங்கினாள்.

கதவைச் சாத்திவிட்டு ஒத்திலியா திரும்பினாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமில்ல? அன்னிக்கே வேணாம்னு சொல்லியிருக்கலாமில்ல?"

ஹசிந்தோ சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அடுப்புல வச்ச பாலைப் பாக்கற மாதிரி என்னையே பாத்துக்கிட்டு இருக்க, ஒத்தி. எப்பப் பொங்குவேன், எப்பப் பொங்குவேன்னு. பூங்காவுலதான் என்னை யாரும் பாக்கறதில்ல. அங்க நான் ஒரு கெழவன், அவ்வளவுதான். அதுக்கு நிறைய பேர் இருக்காங்க."

"பயமா இருக்குப்பா" என்றாள். இவ்வளவு நாளும் அவள் இதைச் சொன்னதே இல்லை. மருந்து சாப்பிட்டியா, ஸ்வெட்டர் போட்டியா என்று இதைத்தான் வேறு வேறு வார்த்தையில் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீ நல்லா இருக்கேன்னு சொல்ற, நான் நம்பறதில்ல. அன்னிக்கும் அதைத்தானே சொன்ன? உன் வாயில வர்ற 'நல்லா இருக்கேன்' எதுக்கும் உதவாது. அதான் உன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கறேன். வேற என்னத்தை நான் பாக்கறது?"

கீழே எவரார்தோவின் வண்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஒத்திலியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வழக்கம்போல, வழக்கமான பதில்தான் வரும் என்று தெரிந்தே கேட்டாள்.

"நெஞ்சு எப்படி இருக்கு?"

ஹசிந்தோ வாயைத் திறந்தார். மூடினார். மேஜைமேல் இருந்த தன் இடது கையை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நல்லா இல்ல" என்றார். "நேத்து சாயங்காலத்துலேர்ந்து தோள்பட்டை கனமா இருக்கு. இப்ப தாடை வரைக்கும் வருது."

ஒத்திலியா கத்தவில்லை. இத்தனை மாதமாக எந்த நொடிக்குப் பயந்தாளோ அது வந்துவிட்டது. டாக்டர் கொடுத்திருந்த மாத்திரையை அவர் நாக்குக்கு அடியில் வைத்தாள். ஜன்னலை விரியத் திறந்தாள். கீழே எவரார்தோ ட்ரெட்மில்லைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்.

"எவரார்தோ! போயிடாதீங்க! மேல வாங்க!"

அவர் அண்ணாந்து பார்த்தார்.

"அம்மா, நிஜமாக் கூப்பிடறீங்களா, இல்ல சும்மா மரியாதைக்கா?"

"நிஜமாத்தான்! அவருக்கு நெஞ்சு வலி! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!"

ட்ரெட்மில்லை ஏற்றி வந்த அதே இரண்டு பேர், ஹசிந்தோவை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். நியேவெஸ் அக்கா முன்னால் ஓடிப்போய் கேட்டைத் திறந்தாள். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஹசிந்தோவும் ஒத்திலியாவும் நெருக்கி உட்கார்ந்தார்கள். மற்ற ஆள் பின்னால் ட்ரெட்மில்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவரார்தோ ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். பள்ளிக்கூட வாசலில் பஸ் ஒன்று குறுக்கே நின்றது. அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தன் ஊர்ப் பாஷையில், பூச்சு எதுவும் இல்லாமல் நாலு வார்த்தை சொன்னார். பஸ் விலகியது.

ஒத்திலியா கணவருடைய கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். கை சில்லென்று இருந்தது. அவள் உடம்பெல்லாம் பயம்தான். ஆனாலும் அவர் முகத்தை உற்றுப் பார்க்காமல் வாயால் கேட்டாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"கூடுதலாவா?"

அவர் கண்ணை மூடி, நெஞ்சுக்குள் கவனித்துப் பார்த்தார்.

"இல்ல. அப்பவிட இப்ப கொறைவு" என்றார்.

அவள் அதை நம்பினாள்.